இரட்டைப்பாலத் தோட்டத்து ஜெனரல்

1984 மார்ச் 5, திங்கள். ஈப்போ.

மலைகளில் மேகம் தாழ்ந்து கிடக்கிறது. கிழக்கே ஒன்றும் தெரியவில்லை. பறப்பதற்கு ஆகாத வானம். யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. ஆனாலும் விடிந்ததும் வாசலில் நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். ஓய்வு பெற்று மூன்றாவது மாதம்.

தமிழில் எழுதுவது என்று முடிவு. இத்தனை வருஷமும் பறப்புக் குறிப்பெல்லாம் ஆங்கிலம், உத்தரவெல்லாம் மலாய். என் தமிழ் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ். ர, ற இன்னும் தகராறு. ஒரு வசதி: பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. அவர்கள் அம்மா ரீத்தாவுக்குத் தெரியும், பொறுமை இல்லை.

இன்று:
கார் பேட்டரி.
ரீத்தாவின் மூக்குக் கண்ணாடி.
கம்பெனிக் கூட்டம், பி.ப. டை கட்ட வேண்டுமா, கேட்க.

மாலை. டை தேவையில்லை. கட்டிக்கொண்டு போனவன் நான் மட்டும்.

நிலம் வாங்கி, வீடு கட்டி விற்கிற கம்பெனி. தலைவர், டத்தோ பட்டம் வாங்கியவர், நம் ஆள்தான். அவர் அப்பா பத்து காஜாவில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். போன மாதம் வீட்டுக்கே வந்து, இயக்குநராக இருங்கள் ஜெனரல், வருஷத்துக்கு நாலைந்து கூட்டம்தான் என்றார். ரீத்தாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. படையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு இப்படி ஒரு நாற்காலி கிடைத்தால்தான் மரியாதை என்பது அவள் கணக்கு.

சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். புதிய வேலை, அறுநூறு வீடு, கடை வரிசை, பெட்ரோல் நிலையம். பெயரை வாசிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு இரண்டு தடவை மடங்குகிற இடம். ஒவ்வொரு மடக்கிலும் ஒரு பாலம். ஆயிரம் அடியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த வடிவம். லகாட் தாண்டி, இரட்டைப்பாலத் தோட்டம். நான் பிறந்த லயம், தொழிலாளர் வரிசை வீடுகள், இருக்கிற இடத்தில் பெட்ரோல் நிலையம்.

லயத்தில் ஆட்கள் இருக்கிறார்களே என்றேன். வக்கீல் சொன்னார், கோர்ட்டில் போன மாதமே தீர்ப்பாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். டத்தோ என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அதுக்குத்தானே அண்ணே நீங்க இருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க லா."

அப்புறம் கேக் வந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 7, புதன்.

விபூதிப் புதன். காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பினால் வாசலில் முனியாண்டி. என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவன். இப்போது தோட்டத்துக் கோயில் தலைவர். கூட இரண்டு பேர். அவன் நெற்றியிலும் திருநீறு, என் நெற்றியிலும் சாம்பல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாற்காலி போட்டும் உட்காரவில்லை. 'டா' போட்டுப் பேசியவன் 'சார்' என்கிறான். கேஸ் தோற்றுப்போன கதையைச் சொன்னான். வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தை விற்றது, வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான், அவன் டத்தோவுக்கு விற்றான். ஒவ்வொரு தடவையும் லயத்தில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கோயிலுக்கும் மாதா சிற்றாலயத்துக்கும் பின்னால் இருக்கிற மேட்டு நிலம். அதில் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தால் மாதாமாதம் கட்டிக்கொள்கிறோம் என்கிறார்கள்.

நான் அந்தக் கம்பெனியில் இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கோபம் இல்லை அவனுக்கு. அதுதான் தாங்க முடியவில்லை. சந்தோஷப்படுகிறான்.

"நீங்க உள்ள இருக்கிறது சாமி செஞ்ச வேலை சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சி. ஜெனரல் இல்லியா."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். "பேசிப் பார்க்கிறேன்" என்றதை அவன் "முடித்துவிட்டேன்" என்று எடுத்துக்கொண்டு போனான். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மார்ச் 8, வியாழன்.

வானம் தெளிவு. காற்று இல்லை. தோட்டத்துக்குப் போனேன்.

ரப்பர்ப் பால் மரம் எல்லாம் கிழடு தட்டி, வெட்டுவார் இல்லாமல் பட்டை தடித்துக் கிடக்கிறது. புல் இடுப்பளவு. அதில் அக்காவின் மாடுகள். அக்கா சவரியம்மா, எனக்கு ஏழு வயது மூத்தவள். அம்மா செத்த பிறகு பால் வெட்டப் போனவள். பங்குச் சாமியார் என்னைப் பத்து காஜா விடுதியில் சேர்த்தபோது என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் வரை நடந்தவள். புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. இப்போது பால் மாடு.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தோட்டம் கைமாறுகிற பேச்சு இருக்கு என்று சொன்னாள். வருஷா வருஷம் சொல்கிற பேச்சுதானே என்று விட்டுவிட்டேன்.

என்னோடு ஈப்போவுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன்.

"மாட்ட எங்க கட்டுறது தம்பி? உன் வீட்டு கார் ஷெட்டிலயா?"

அவ்வளவுதான் பேச்சு. கோப்பி கலந்தாள்.

தோட்டத்தில் கூட்டம் கூடிவிட்டது. வானத்தில் எந்த விமானம் போனாலும் இங்கே "தம்பி போவுது" என்று சொல்வது வழக்கமாம். ஒரு கிழவி சொன்னாள். கடைசி எட்டு வருஷம் நான் மேசையில் இருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உதிரிப்பாகம், கம்பளி, டயர், எரிபொருள் கேட்புத் தாள்கள். ஒரு நட்சத்திரம் வந்த அன்றே பறப்பது முடிந்தது. இரண்டாவது நட்சத்திரம் எனக்கு அடுத்தவனுக்கு, அவனுக்கு அடுத்தவனுக்கு. கடைசியில் ஒரு ஈயத் தட்டு, கைகுலுக்கல், ஒரு பாட்டு. இங்கே இன்னும் நான்தான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன்.

மாலை போட்டார்கள். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கார் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். ரீத்தா எறும்பு வரும் என்று வெளியே போட்டாள்.

மார்ச் 13, செவ்வாய்.

மழை. பேட்டரி மாற்றியாகிவிட்டது.

டத்தோவோடு மதியச் சாப்பாடு, கிளப்பில். மேட்டு நிலத்தைப் பற்றிச் சொன்னேன். தயார் செய்துகொண்டு போயிருந்தேன், படையில் மேலதிகாரிக்கு விளக்குவது மாதிரி: நிலைமை, தேவை, செலவு, ஆதாயம். பொறுமையாகக் கேட்டார். மீன் தலைக் கறியை எனக்குத்தான் முதலில் வைத்தார்.

பிறகு சொன்னார். அந்த மேட்டில்தான் நல்ல காட்சி, மலை தெரியும், பங்களா மாதிரி வீடுகள் அங்கேதான். அதைக் கொடுத்தால் மீதி ஓடாது. கோயிலையும் சிற்றாலயத்தையும் வேறு இடத்தில் கட்டித் தருகிறோம். ஆட்களுக்கு மாவட்ட அலுவலகத்தார் பலகை நீளவீடு கொடுக்கிறார்கள், தற்காலிகமாக.

எத்தனை நாள் தற்காலிகம் என்று கேட்டேன்.

"அண்ணே, நானும் தமிழன்தான். எனக்கு வலிக்காதா? ஆனா இது தர்மக் கம்பெனி இல்ல. நீங்க ஒரு நாள் போயி, நல்ல வார்த்தையா சொல்லி, அவங்கள கௌரவமா எறக்கி விடுங்க. அதான் நீங்க செய்யக்கூடிய உதவி. இல்லாட்டி போலீஸ் எறக்கும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் யோசிக்க யோசிக்க எரிகிறது. வேலை சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. என் பங்கு: நல்ல வார்த்தை.

மார்ச் 15, வியாழன். கோலாலம்பூர்.

விடியற்காலை ரயில். தஞ்சோங் மாலிம் வரை தூக்கம். எதிர் சீட்டில் ஒரு தாய் மகளுக்குத் தலைவாரிக்கொண்டே வந்தாள்: "ஆட்டாத. ஆட்டினா வகிடு கோணும்."

ஹாஷிமைப் பார்க்கப் போனேன். என் துணை விமானியாக இருந்தவன். வடக்கே காட்டுக் கோட்டைகளுக்கு அரிசியும் மருந்தும் போட்டுக்கொண்டிருந்த வருஷங்களில், ஒரு மத்தியானம் பள்ளத்தாக்கில் மேகம் மூடி, இரண்டு பக்கமும் மலை, திரும்ப இடம் இல்லை. அவன் உரக்க ஓத, நான் வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்ல, எப்படியோ வெளியே வந்தோம். அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. இப்போது அவனுக்கு அமைச்சு ஒன்றில் பெரிய நாற்காலி.

எழுந்து வந்து கட்டிக்கொண்டான். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் பேனாவை எடுத்தான், பிறகு மூடி போட்டு வைத்தான். நிலம் மாநிலத்து விஷயம், கோர்ட் முடித்த விஷயம், தன் கை எட்டாது என்றான். எட்டுகிறவர்களைத் தெரியுமா என்றேன். தெரியும் என்றான். கேட்பாயா என்றேன். வெளியே பார்த்தான்.

கார் நிறுத்துமிடம் வரை வந்தான். பழைய வழக்கப்படி எனக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால். அங்கே நின்று, மேலதிகாரியைக் கூப்பிடுகிற அதே மரியாதையோடு, மலாயில் மெதுவாகச் சொன்னான், ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது: "துவான், நீங்க மேகத்துக்குள்ள போறீங்க. இந்தத் தடவை நான் பக்கத்துல இல்ல. திரும்பிடுங்க."

நல்லவன். அவன்மேல் கோபமே வரவில்லை. வந்தால் தேவலை.

மார்ச் 16, வெள்ளி.

வெயில். காதர் பாய் கடையில் ரொட்டி. பின்மேசையில் இரண்டு பேர், என்னைக் கவனிக்கவில்லை.

"லகாட் தோட்டத்துக்காரன்லாம் ஒரு ஜெனரலப் புடிச்சிருக்கானுங்களாம்."

"ரிட்டயரா?"

"ரிட்டயர்தான்."

"அப்ப என்னா பண்றது. பத்தரி போன டார்ச் லைட்டு லா."

காதர் பாய்க்குக் கேட்டுவிட்டது. அவர் முகம் சங்கடப்பட்டுப் போயிற்று. காசு வாங்க மாட்டேன் என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, திங்கள்.

விலகிவிட்டேன்.

டத்தோ அலுவலகத்தில், காலை. நீளமாகப் பேச நினைத்திருந்தேன். இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. அவருக்கு வருத்தம், உண்மையான வருத்தம். வாசல் வரை வந்தார். நான் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது உள்ளே அவர் போனில் யாரையோ கேட்பது காதில் விழுந்தது, போலீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பெயர், அவர் இப்போது சும்மாதானே இருக்கிறார் என்று. லிஃப்டு வருவதற்குள் என் இடம் நிரம்பிவிட்டது.

ரீத்தாவிடம் மத்தியானம் சொன்னேன். கத்தவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"பட்டர்வொர்த், லாபுவான், குவாந்தான், திரும்ப பட்டர்வொர்த். பேஸ் பேஸா பொட்டியக் கட்டினேன். ஒரு மல்லிச் செடி வச்சி பூ பாக்கல. இப்பத்தான் ஒரு எடத்துல ஒக்காந்தோம். அதையும் ஒதைச்சிட்டு வந்திருக்கீங்க. அந்த லயத்துக்கு என்னா கெடச்சிச்சி, சொல்லுங்க."

ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன்.

"அப்ப ஒங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவணும்."

சொல்லிவிட்டு அழுதாள். நான் துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தேன். அவள் கேட்டது சரியான கேள்வி. உள்ளே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை, வெளியே வந்தும் முடியாது. கை சுத்தம் என்று ஒரு திருப்தி வரும் என நினைத்தேன். அதுவும் வரவில்லை.

மார்ச் 20, செவ்வாய்.

முனியாண்டியிடம் போய்ச் சொன்னேன். விலகினதைக் கேட்டு நிம்மதி அடைவான் என்று எண்ணம். முகம் செத்துப்போனது.

"ஏன் சார் வெளிய வந்தீங்க? உள்ள இருந்தாலாச்சும் ஒரு ஆளு இருக்காருன்னு இருந்திச்சி."

பல்வலி வேறு. கடைவாய். பல் டாக்டர் அடுத்த வாரம் வெள்ளிதான் இருப்பாராம்.

மார்ச் 25, ஞாயிறு.

பூசையில் சாமியார் தோட்டத்து மக்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். எனக்கு முன் வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

லயத்தை இடிக்கப் புதன்கிழமை வருகிறார்கள் என்று தகவல்.

அலமாரியில் சீருடை. ரீத்தா அந்துருண்டை போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம், பதக்கப் பட்டி, இறக்கை. இதைப் போட்டுக்கொண்டு புல்டோசர் முன்னால் நின்றால்? போட எனக்கு அனுமதி கிடையாது. விழாவுக்கு, அதுவும் அழைப்பு இருந்தால். இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். திரும்ப மாட்டிவிட்டேன்.

மார்ச் 28, புதன்.

எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் மாற்றி எழுதிவிடுவேன்.

காலை ஏழுக்கே போனேன். வெள்ளைச் சட்டை. மூடுபனி, ஆற்றின் மேல் மட்டும். போலீஸ் லாரிகள், இரண்டு புல்டோசர், மாவட்ட அலுவலக ஆட்கள், குறுக்கே போலீஸ் கட்டிய நாடா. மக்கள் லயத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நடுவில் அக்கா, மடியில் ஒரு கன்றின் கயிறு. முனியாண்டி என்னைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டான். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் சத்தம் அடங்கியது. அந்தக் கொஞ்ச நேரம், பொய் சொல்லக் கூடாது, நடந்துவிடும் என்றே தோன்றியது.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. அழுத்தித் தேய்த்த சட்டை. என்னை யாரென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக வந்து, நிமிர்ந்து நின்று, சல்யூட் அடித்தான். நல்ல சல்யூட். நான் பதிலுக்குத் தலையசைத்தேன். பிறகு அவன் மரியாதையான குரலில், மலாயில், "துவான், தயவுசெய்து நாடாவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்" என்றான்.

போய் நின்றேன்.

யோசித்துப் போகவில்லை. பயந்தும் போகவில்லை. சீருடையில் இருப்பவன் தெளிவாக ஒன்றைச் சொன்னான், கால் நடந்தது. நாடாவைத் தாண்டி, திரும்பி, கையைப் பின்னால் கட்டி நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அணிவகுப்புகளில் நின்றே பழகிய நிற்பு அது. திரும்ப அந்தப் பக்கம் போயிருக்கலாம். நாடா வெறும் பிளாஸ்டிக். ஆனால் அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அக்கா பார்த்தாள். கோபமா என்று தேடினேன். இல்லை. கூட்டத்தில் யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, தொழுவத்துக்குப் போய் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். தூக்கவோ இழுக்கவோ யாருக்கும் வேலை வைக்கவில்லை. பாத்திரம், மெத்தை, சாமி படம், மாதா சுரூபம், தையல் மிஷின். முனியாண்டி கோயில் மணியைத் தான் மட்டுமே தூக்கிக்கொண்டு போனான். உதவ வந்தவர்களை விடவில்லை.

எங்கள் வீடு, லயத்தில் கோடி வீடு. பலகைச் சுவர் ஒரே தள்ளில் சாய்ந்தது. இவ்வளவு லேசான வீட்டிலா நாங்கள் ஆறு பேர் இருந்தோம்?

இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னான். உட்காரவில்லை. அது ஒன்றுதான் நான் மறுத்தது.

மார்ச் 30, வெள்ளி.

பல் பிடுங்கியாயிற்று. வீக்கம். கஞ்சி.

ரீத்தா என்னிடம் அன்பாக இருக்கிறாள். புதன்கிழமை நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 8, ஞாயிறு.

பூசை முடிந்து அக்காவைப் பார்க்கப் போனேன். நீளவீடு பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்தில், மணல் தரை. புல் கிடையாது. தகரக் கூரை, பத்து மணிக்கே தணல். ஒட்டுப் பலகைச் சுவர், ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மாடுகளைச் சீப்பூத்தே ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டாள். கன்றையும் சேர்த்து.

கார் நின்றதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள். கையில் ஒரு பிஸ்கட் டின். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அக்கா கோப்பி கலந்தாள். கடைப் பால், டின் பால். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிள்ளைகளை விசாரித்தாள். என்னோடு வா என்று திரும்பவும் கூப்பிட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. புதன்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவள் எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

கார் வரை வந்தாள். கதவைத் திறந்ததும் சொன்னாள்.

"அடிக்கடி வராத தம்பி. கார் வந்தா, எதுவோ நல்லபடியா முடிஞ்சிருச்சின்னு சனங்க வெளிய ஓடியாருதுங்க. பாவமா இருக்கு."

சரி என்றேன்.